வாசல மறிச்ச மாசானம்

தென்னையில இருந்து விழுந்து ரெண்டு காலும் விளங்காமப் போன மாசானத்த, ஆளைப் பாக்காமலே "நல்லா நடக்குறான்"னு எழுதி உதவித்தொகைய நிறுத்திட்டாரு ஆபீசரு. அப்பீல் பண்ணா, விசாரணை மாடியிலயாம்! ஆட்டோக்காரரு தூக்கிட்டு வந்து, ஆபீசர் ரூம் வாசல்ல உக்கார வச்சுட்டுப் போனாரு.

"மாடிக்கே வந்துட்ட, ஒனக்கென்ன கொறை? அப்பீல் தள்ளுபடி!"ன்னுட்டு ஆபீசரு சாப்பிடக் கெளம்புனாரு. வாசல மறிச்சு மாசானம்.

"எந்திரிச்சு வழிய விடுய்யா!"

"நடப்பேன்னு எழுதுன மகராசன் நீங்கதான சார்? நடக்க வைங்க பாப்போம்."

ஆபீசரு கையப் பிடிச்சு இழுத்தாரு. ஆளு அசையல. பசி வேற. வெளிய வரிசையில நின்ன ஊன்றுகோல்காரங்களப் பாத்துக் கத்துனாரு: "இவனால எந்திரிக்கவே முடியாதுய்யா! யாராச்சும் வந்து தூக்குங்க!"

"இத்தன பேருக்குக் கேட்டுருச்சு சார். அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க, ஆட்டோக்காரருக்குப் போன் போடுறேன்."

சாப்பாடு ஆறுறதுக்குள்ள கையெழுத்து விழுந்துச்சு.