எண்ணாமல் போட்ட நட்டுகள்

குருவுக்கு நாற்பது வயது. சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு பேருக்குமே மூக்குக்கு மேல் கோபம் வரும். இவர்கள் ஒரே கூரைக்கு அடியில் ஒரு வண்டியைச் செய்து முடித்தது எப்படி என்று அந்தத் தெருவுக்கே ஆச்சரியம்.

ரெஜினா ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுப்பவர். விடுமுறை நாட்களில் திண்டுக்கல்லில் தன் வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டில், பழைய வண்டியைத் தானே சரிசெய்ய நினைப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தால் வாசலோடு விரட்டிவிடுவார்.

பேக்கரி வைத்திருக்கும் வனராஜ் ஒரு நாள் சின்ன லாரியில் ஒரு புல்லட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். புல்லட் என்று அவர் சொன்னதால்தான் தெரிந்தது. சீட்டில் கோழி அடைகாத்த வைக்கோல் ஒட்டியிருந்தது. சக்கரத்தில் கொடி ஏறியிருந்தது.

“யாரு வண்டிண்ணே?”

“எங்கப்பா வண்டி டீச்சர். அவரு போனப்புறம் தம்பி பங்குக்குப் போச்சு. அந்தப் படுபாவி தனராஜ் வருஷக்கணக்கா மழையில போட்டு வெச்சிருக்கான்.”

“கேட்டதும் குடுத்துட்டாரா?”

“குடுத்தான். லாரியில ஏத்த அவனும் ஒரு கை புடிச்சான். நான் அவன் மூஞ்சியக்கூடப் பாக்கல.”

“எப்ப ஓடணும்?”

“தை மாசம் அவன் மக சுகந்திக்குக் கல்யாணம். இதுலயே போயி மண்டப வாசல்ல எஞ்சினை அமத்தாம நிப்பாட்டுவேன். சம்பந்தக்காரங்க அத்தனை பேரும் திரும்பிப் பாக்கணும். மைக்கை வாங்கி, அப்பன் பொருளை இவன் வெச்சிருந்த லட்சணத்தைச் சொல்லி, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்.”

“அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?”

சுகந்தி குழந்தையாக இருந்தபோது இதே டேங்க் மேல் உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டியவர் வனராஜ்தான். “இன்னொரு ரவுண்டு பெரியப்பா” என்று அது இறங்காமல் அடம் பிடிக்கும். அதை நினைத்ததும் கோபம் தணிய வேண்டுமா இல்லையா? இன்னும் ஏறியது.

“கோபப்படுறது தப்பா டீச்சர்? நீங்களே சொல்லுங்க.”

“டேங்க்கைக் கழட்டுங்க” என்றார் ரெஜினா.

கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே துரு செதில் செதிலாக நின்றது. ரெஜினா ஒரு டப்பா நிறைய பழைய நட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்.

“இதுல கொஞ்சம் உள்ள போடுங்க. டீசல் ஊத்தி, வாயை அடைச்சுட்டுக் குலுக்குங்க. நட்டு உரச உரசத் துரு விட்டுரும். ஆனா எண்ணிப் போடணும். எண்ணிப் போட்டது எண்ணி வெளிய வரணும்.”

வனராஜ் கொஞ்ச நேரம் குலுக்கினார். தோள்பட்டை விட்டுப்போனது.

“தம்பியை நெனச்சுக்கிட்டுக் குலுக்குங்கண்ணே.”

அவ்வளவுதான். மனுஷனுக்கு எங்கிருந்துதான் அத்தனை வேகம் வந்ததோ! தம்பி வண்டியை மழையில் போட்டான். குலுக்கினார். அப்பாவின் கருமாதிக்கு இவரைக் கேட்காமல் சமையல்காரரை அமர்த்தினான். ஒரு கை நட்டு அள்ளிப் போட்டுக் குலுக்கினார். தம்பி பெண்டாட்டி ஒரு தடவை காபியில் சர்க்கரை குறைத்துக் கொடுத்தாள், அதுவும் வேண்டுமென்றே. இன்னொரு கை. சின்ன வயதில் தம்பி சிரித்த சிரிப்பெல்லாம்கூட இவரைப் பார்த்துத்தான் சிரித்தானாம். அதற்கும் ஒரு கை போட்டார்.

டீசல் செங்கல் நிறத்தில் வெளியே கொட்டியது. கழுவி, மறுபடி ஊற்றி, சாயங்காலம் டார்ச் அடித்தபோது உள்ளே வெள்ளையாகத் தகரம் தெரிந்தது.

“பாத்தீங்களா டீச்சர்? கோபம் தப்பே இல்ல!”

“நான் எப்ப தப்புன்னு சொன்னேன்? நட்டை எண்ணிட்டீங்களா?”

“எண்ணியாச்சு.”

பச்சைப் பொய். இவர் எங்கே எண்ணிப் போட்டார், எண்ணி எடுக்க?

அதற்குப் பிறகு எஞ்சின் பிரிந்து சேர்ந்தது, புதுப் பெயின்ட் ஏறியது. நடுவில் ஒரு நாள் வனராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

“தட்டைத் தூக்கிட்டுக் கடைக்கே வந்துட்டான் டீச்சர், கல்யாணத்துக்குக் கூப்பிட. நான் உள்ளயே நின்னுக்கிட்டேன். மழையில போட்டது தப்புதாண்ணே, மன்னிச்சுருன்னு வாசல்ல நின்னு அழுகுறான். இப்ப வந்து அழுதா ஆச்சா?”

ரெஜினா ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். 

கல்யாணத்தன்று காலையில் வனராஜ் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து கிக்கரை உதைத்தார். புல்லட் பிடித்துக்கொண்டது. தெருவே அதிர்ந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அப்பாவே திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஷெட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை வெளியே தள்ளச் சாய்த்தார்.

டொக்.

ரெஜினா பாய்ந்து வந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினார். “அது என்னது?”

“எது?”

“டேங்க்குள்ள நட்டு கெடக்கு. எங்கயோ மூலையில ஒட்டியிருந்தது அதிர்வுல கழண்டிருக்கு. எண்ணிட்டேன்னு சொன்னீங்கள்ல?”

“ஒண்ணுதானே டீச்சர், கெடந்துட்டுப் போகுது.”

“பெட்ரோல் எறங்குற வாயில போயி அடைச்சா நடுரோட்டுல நிப்பீங்க. கழட்டுங்க!”

புதுப் பெயின்ட் டேங்க்கைக் கழற்றி, பெட்ரோலை வாளியில் வடித்து, கவிழ்த்து ஆட்டினார். ஒரு நட்டு விழுந்தது. காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே இன்னொன்று உருண்டது. அது விழுந்ததும் மூன்றாவது உருண்டது. வேட்டியெல்லாம் பெட்ரோல்.

“இவ்வளவுதான்” என்றார் வனராஜ்.

“எப்படித் தெரியும்?”

தெரியாது. ஆட்டினார். டொக்.

ரெஜினா தன் ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். “முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. இதுல போங்க. சுகந்தி பாத்துக்கிட்டு இருக்கும்.”

“இந்த வண்டியில போகாட்டி நான் எதுக்குப் போகணும்?” வனராஜ் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “எல்லாம் அவனால வந்தது டீச்சர்! அவன் மழையில போடலைன்னா துரு புடிச்சிருக்குமா? துரு புடிக்கலைன்னா நான் நட்டு போட்டிருப்பேனா?”

ரெஜினாவும் கத்தினார். “துரு உங்க தம்பி வெச்சதுதான். இல்லைன்னு சொல்லல. அது எப்பவோ வெளிய போயிருச்சு. இப்ப உள்ள கெடந்து சத்தம் போடுதே, அது யாரு போட்டது?”

வனராஜ் டேங்க்கைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு, சாவிக்காக நீட்டினார்.