இஸ்திரிக் கடைச் சுவரில் பூத்தவை

"ரெண்டு செத்துப் போச்சும்மா. மூணாவதையாவது எப்படிக் காப்பாத்தறதுன்னு சொல்லு" என்றார் அம்பலவாணன்.

மயிலாத்தாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எதுங்க சார்?"

அவர் சட்டை மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

குன்னூரில் அந்தச் சந்தில் இஸ்திரிக் கடை என்பது அவள் வீட்டு முன்னறைதான். சன்னலோரச் சுவர் முழுக்கக் கட்டைத் துண்டுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் தூண்டில் நரம்பால் கட்டிய ஒரு குட்டி ஆர்கிட். செடியே கட்டைவிரல் உயரம்தான். பூ, சட்டைப் பொத்தானில் பாதி. தொட்டி கிடையாது, மண் கிடையாது. வேர்கள் கட்டையைப் பிடித்தது போக மிச்சம் காற்றில் ஆடின. இருபதுக்கு மேல் இருக்கும். அத்தனையும் பூத்திருந்தன.

அம்பலவாணன் பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு வருஷம் அணைத் தண்ணீரை வாய்க்காலுக்கு அளந்துவிட்ட மனிதர். அவர் கையெழுத்துப் போட்டால் மதகு திறக்கும். பல்லாயிரம் ஏக்கர் அப்படித்தான் விளைந்தது. பாவம், வீட்டில் மூன்று குட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை.

செடிகளும் அவருடையவை அல்ல. மனைவி மங்கையர்க்கரசியுடையவை. இடுப்பெலும்பு முறிந்த அக்காவைப் பார்த்துக்கொள்ள அவள் கரூருக்குப் போய் இருபது நாளாகிறது. இன்னும் இரண்டு வாரத்தில், வியாழக்கிழமை, திரும்பி வருகிறாள். போகும்போது ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். "செடியப் பாத்துக்குங்க."

மிஞ்சிய செடியில் ஒரு காம்பு கிளம்பி, நுனியில் மொட்டு வைத்திருந்தது. நான்கு வருஷத்தில் முதல் மொட்டு. அதை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது வேறு எதுவும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

"என்னைத் தெரியுதா?" என்று கேட்டார்.

"உங்களத் தெரியாதுங்க. உங்க சட்டையத் தெரியும். நீங்க இங்க வர்றது இதுதான் மொத தடவை."

"வீட்ல ஊருக்குப் போயிருக்கா. அதான்."

"செடிக்கு எப்படி ஊத்தினீங்க?"

"காலைல ஆறு மணிக்கு இருபது மில்லி. சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது மில்லி. இருமல் மருந்து மூடியில அளந்து ஊத்தினேன். ஒரு நாள் தவறல."

"யாரு சொன்ன அளவுங்க?"

"நானே போட்ட அளவு."

"செடியக் கேட்டீங்களா?"

அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "விளையாடாதம்மா. அளவு என்னன்னு சொல்லு. எழுதிக்கறேன்."

மயிலாத்தாள் அவருடைய மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டையை உருவி மேசைமேல் விரித்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தெளிங்க."

"நான் செடியப் பத்திக் கேக்க வந்தேன்."

"தெளிங்க சார்."

தெளித்தார். முதுகுக்குப் பத்துச் சொட்டு, கைக்கு ஐந்து. இஸ்திரிப் பெட்டி பட்டதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. சட்டை சொதசொதவென்று கிடந்தது.

"அதிகம்" என்றாள். "நாளைக்கு வாங்க. அதுவரைக்கும் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணி விடாதீங்க."

"ஐயோ, செத்துரும்மா!"

"ஊத்தித்தானுங்களே செத்துச்சு."

மறுநாள் நல்ல வெயில். அவர் பாதியாகக் குறைத்துத் தெளித்தார். எத்தனை தேய்த்தும் சுருக்கம் போகவில்லை.

"கம்மி."

மூன்றாம் நாள் சந்து தெரியாத மூடுபனி. அம்பலவாணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெளித்தார். பெட்டி மறுபடி புஸ்ஸென்றது.

"அதிகம்."

"என்னம்மா இது! முந்தாநாளுக்கும் நேத்துக்கும் நடுவுல பாத்துத்தானே தெளிச்சேன்!"

"அது நேத்துங்க."

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இந்தப் பெண் தன்னை வைத்து வேடிக்கை பார்க்கிறாள் என்று வழி நெடுகப் பொருமினார். வீட்டுக்குப் போய் மூடியில் இருபது மில்லி ஊற்றி, சமையலறை வாசலில் தொங்கிய செடியருகே கொண்டுபோனார். ஏற்கெனவே செத்த இரண்டும் அங்கேதான் தொங்கின. ஊற்றாமல் சமையலறைத் தொட்டியில் கொட்டினார்.

நான்காம் நாளும் பனிதான். அவர் கிண்ணத்தைத் தொடவில்லை. சட்டையைத் தொட்டார். விரித்து, தடவி, எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"வேணாம். இதுவே ஈரமாத்தான் இருக்கு."

அவள் தேய்த்தாள். சட்டை மொடமொடவென்று நின்றது.

பாராட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சட்டையை மடித்துக் கையில் கொடுத்தாள். "இப்பப் போயி உங்க செடியப் பாருங்க. ஊத்த வேணாம். பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மாலையில் வந்தார். "பாத்தாச்சு. வேர் வெள்ளையா இருக்கு."

"என்ன வெள்ளைங்க?"

"வெள்ளைன்னா வெள்ளைதான். அதுல என்ன தினுசு?"

"எங்கிட்ட நாப்பது வீட்டு வெள்ளைச் சட்டை வருதுங்க. ஒண்ண இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்ததில்ல."

மறுநாள் வந்து சொன்னார்: "நுனி பச்சை. நடுவுல சாம்பல் பூசினாப்பல."

"இன்னும் பாருங்க."

அதற்கு மறுநாள் அவர் வர மதியமாகிவிட்டது. மூச்சு வாங்கியது. சட்டைப் பொத்தான்கூட மாற்றிப் போட்டிருந்தார். "சன்னல் பக்கத்து வேர் முந்திக் காயுது. கட்டைக்கு உள்பக்கமா போறது நேத்து வரைக்கும் பச்சையா இருந்துது. இன்னைக்கு அதுவும் வெளுத்துட்டுது. ஒரு வேர்ல புதுசா கிளை விட்டிருக்கு, கடுகத்தனை. நான் மூணு நாளா அதப் பாக்காமலே இருந்திருக்கேன்!"

மயிலாத்தாள் முதல் முறையாகச் சிரித்தாள். "ஊத்துங்க."

எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார்.

தண்ணீர் பட்டதும் அவர் கண்ணெதிரிலேயே வேர் நிறம் மாறியது. வெளுத்த வேர் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பச்சையானது. கடைசித் துளி வெள்ளை பச்சையானதும் நிறுத்தினார். இவ்வளவு நாள் இது தன் முன்னால்தான் நடந்துகொண்டிருந்தது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. தனியாக நின்று சிரித்தார். அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதர் சமையலறை வாசலில் நின்று தனக்குத்தானே சிரித்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்றுகூடத் தோன்றவில்லை.

அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை, மொட்டு விரிந்தது. அரிசி மணி அகலத்தில் மஞ்சள் பூ. உள்ளே நெருங்கிப் பார்த்தால் மயிரிழைபோல் ஒரு சிவப்புக் கோடு. யார் பார்ப்பார்கள் என்று இவ்வளவு சிறிய பூவுக்குள் செடி அந்தக் கோட்டைப் போட்டதோ!

அம்பலவாணன் வீட்டுச் செருப்போடு இஸ்திரிக் கடைக்கு ஓடினார்.

"பூத்துருச்சும்மா!"

"தெரியுதுங்க, மூஞ்சியிலயே."

அவர் கை கூப்பினார். "எத்தனையோ பெரிய இன்ஜினியர்கிட்ட வேலை பார்த்திருக்கேன். உங்களப் போல ஒருத்தர்கிட்ட நான் பாடம் கேட்டதில்ல." இவ்வளவு நாள் நீ, போ என்று பேசிய வாயில் 'உங்களை' என்று வந்ததை அவரும் கவனிக்கவில்லை.

மயிலாத்தாள் கூச்சத்தோடு கரியை ஊதிவிட்டாள். "நான் என்னத்தக் கண்டேனுங்க. எனக்கு ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க. துணி குடுக்க வர்ற அம்மா. நானும் உங்களாட்டத்தான் அளவு கேட்டேன். உனக்குத்தான் துணிக்குத் தெளிக்கத் தெரியுமே, அப்புறம் என்னன்னாங்க."

"அப்படியா சொன்னாங்க!" அவருக்குப் புல்லரித்தது.

"இந்தச் செவுத்துல இருக்கறது எல்லாமே அவங்க செடிதானுங்க. வீட்டுல வெளிச்சம் வர்ற சன்னல் ஒண்ணே ஒண்ணாம். அங்க அவங்க வீட்டுக்காரர் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பாராம். நாற்காலிய நகத்தச் சொல்ல மனசு வராம, வீட்டுல மூணே மூணு வச்சுக்கிட்டு மிச்சத்த இங்க கொண்டாந்து கட்டுனாங்க. தெனமும் வந்து பாத்துட்டுப் போவாங்க."

"என்ன மனுஷன்யா அவன்!" என்று வெடித்தார் அம்பலவாணன். "கூடவே இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாம ஒருத்தன் இருப்பானா?"

மயிலாத்தாள் அடுத்த சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"நான் அந்தம்மாவப் பாக்கணும். கால்ல விழுந்து கும்பிடணும். எங்க இருக்காங்க?"

"கரூர்ல இருக்காங்க. வியாழக்கிழமை மத்தியானம் மேட்டுப்பாளையம் பஸ்ஸுல வந்து எறங்கறாங்க" என்றாள் மயிலாத்தாள். "அவங்களுக்கு வலது முட்டி வலிங்க. படியில எறங்கச் சிரமப்படுவாங்க. கை குடுங்க."