சுழல்பெட்டிக்கு இந்தப் பக்கம்

எங்கள் கன்னியர் மடத்துக்குள் வந்தால் வந்ததுதான், வெளியே போவதில்லை. ஆனால் ஊரே எங்களைத் தேடி வரும். வாசல் சுவரில் மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று உண்டு. வெளியே நிற்பவர் அதில் பழமோ மெழுகுதிரியோ வைத்து, மனக்குறையைச் சொல்வார். முகம் தெரியாது. உள்ளே இருப்பவர் பேசக் கூடாது; ஒருமுறை மணியடித்தால் 'கேட்டாச்சு, ஜெபிக்கிறோம்' என்று அர்த்தம். அந்த மணி என் பொறுப்பு. யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெரோணிக்கம்மாள் பெரிய பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மடத்துத் தலைவியான எங்கள் மதர் அவரைவிட இருபது வயது சின்னவர். அதற்காக லேசாக நினைத்துவிடாதீர்கள்.

அம்மாள் துறவற வாக்குக் கொடுக்கும் வார்த்தைப்பாட்டுக்கு முந்தின நாள் காலையில், அவர் தம்பி கபிரியேல் வந்து கத்திவிட்டுப் போனார்.

"உலகத்துக்குப் பயந்து இங்க வந்து ஒளிஞ்சிருக்க, அக்கா. நாளைக்கு வாக்குக் கொடுத்துட்டா அவ்வளவுதான். இன்னைக்கே வீட்டுக்கு வந்துரு."

அம்மாள் முகம் செத்துப்போய் மதரிடம் வந்தார்.

"அவன் சொல்றது நிசமா, மதர்? நாம பயந்தாங்கொள்ளிகளா? இது தெரியாம நாளைக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"சாயங்காலம் வரைக்கும் மணிகிட்ட உக்காருங்க, சிஸ்டர்."

என் மணியை! வந்ததே கோபம் எனக்கு. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளையில்லாத ஒருத்தி வந்து அழுதாள். மகனை அடித்துவிட்டுத் தூங்க முடியாத போலீஸ்காரர் வந்தார். கடலுக்குப் போன மருமகன் திரும்பவில்லை என்று ஒரு பாய்வீட்டம்மா வந்தார். ஒவ்வொருவருக்கும் அம்மாள் மணியடித்தார்.

பொழுது சாயும்போது பெட்டியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது.

"சிஸ்டர், நாளன்னைக்கு எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். பயமா இருக்கு. வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எங்கக்கா உள்ளதான் இருக்கா. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

ஐயோ, கபிரியேல்!

அம்மாள் பேச வாயைத் திறந்துவிட்டார். மணியடிக்கவில்லை.

"கேட்டுச்சா, சிஸ்டர்?" வெளியே குரல் உடைந்தது.

நான் மணிக்குக் கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டுத் தானே அடித்தார் அம்மாள். கணீரென்று கேட்டது. வெளியே ஒரு பெருமூச்சு. பிறகு செருப்புச் சத்தம் தூரப் போனது.

மதர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே, மதர்."

"பயந்து ஓடி வந்தவங்ககிட்ட வந்து யாராவது தன் பயத்தை இறக்கி வச்சிட்டுப் போவாங்களா, சிஸ்டர்?"