ஆறுபடுத்த மேடு

மாசாணத்துக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால் வாங்கினால்கூட மாட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொம்பை நீட்டுவார். அப்படிப்பட்டவர், தன்னைவிட வயதில் சிறியவளான செண்பக அம்மையிடம் சீடராகச் சேர்ந்தது ஊருக்கே அதிசயம். அம்மை பொய் சொல்கிறாளா என்று பார்க்கத்தான் போகிறார் என்று கேலி பேசினார்கள்.

மலையடிவாரத்தில், ஆறு வளைந்து ஒதுங்கிய இடத்தில் ஒரு நிலம் கிடந்தது. ஆறுபடுத்த மேடு என்று பெயர். அங்கே மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் கண்ணெதிரேயே இருப்பாள். மாசாணத்துக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். முளைக்குச்சி அடித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது.

"அங்க மட்டும் வேண்டாம்," என்றாள் அம்மை.

"ஏன்?"

"மேட்டையே கேளுங்க."

அன்றிலிருந்து மாசாணத்துக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் அம்மை கடப்பாரையோடு அந்த மேட்டுக்குப் போவதைப் பார்த்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. மடம் கட்ட இவளே இடத்தை வளைக்கப் பார்க்கிறாள்! குருவாவது ஒன்றாவது.

மறுநாள் பின்னாலேயே போனார். மேட்டின் ஓரத்தில், ஊரார் எப்போதோ மண் வெட்டிய ஆளுயரக் குழிக்குள், சுவரைக் கடப்பாரையால் செதுக்கிக்கொண்டு அம்மை நின்றிருந்தாள்.

"வாங்க மாசாணம். இறங்குங்க."

அவர் விளிம்பிலேயே நின்றார். இறங்கியதும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால்?

"நாந்தான் உள்ள நிக்கேன். மண்ணைத் தள்ளுறதா இருந்தா நீங்கதான் தள்ளணும்."

வெட்கத்தோடு இறங்கினார். குழியின் சுவரில், மேலே மாவுபோல வண்டல். அதற்குக் கீழே ஆட்டுரல் அளவுக்கு உருண்டைக் கற்கள். அதற்கும் கீழே மறுபடி வண்டல். அடியில் மறுபடியும் கற்கள்.

"இந்தக் கல்லை எல்லாம் யாரு கொண்டாந்து போட்டா?" என்றார்.

"ஆறு."

மாசாணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஆறா? கணுக்கால் நனையாதே! நீங்களே பொதைச்சு வச்சிருப்பீக."

"ஒண்ண நெம்பிப் பாருங்க."

கடப்பாரையை வாங்கி நெம்பினார். கல் அசையவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"சரி, ஆறுன்னே வச்சுக்கிடுவோம். அம்புட்டுத் தெம்பு அதுக்கு எங்க இருந்து வந்துச்சு?"

"ரொம்பப் பழைய காலம். அப்ப ஊரே கிடையாது. மழை கொறைஞ்சு போச்சு. பகல் வெயில்லயும் ராக்குளிர்லயும் மலை வெடிச்சு வெடிச்சு, கல்லு சரிவுல குமிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அள்ளிட்டு வர ஆத்துல தண்ணி இல்ல."

"பெறவு?"

"காலம் மாறுச்சு. மழை திரும்பி வந்துச்சு. குமிஞ்சதெல்லாம் மொத்தமா இறங்குச்சு."

மாசாணம் சுவரைத் தடவினார். வண்டல், கல், வண்டல், கல்.

"ஒரு தடவை இல்ல போலிருக்கே," என்றார்.

அவர் அண்ணாந்து மலையைப் பார்த்தார். சரிவில் உடைந்த கற்களின் குவியல் வெயிலில் கிடந்தது. சிறுவயதில் ஆடு மேய்த்தபோது ஏறி விளையாடிய குவியல்தான். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், அதை மட்டும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. ஆனாலும் மகளுக்கான வீட்டை விட்டுவிட மனசு வரவில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம்மா. ஆறு படுத்துருச்சுன்னு பெரியவுகளே பேரு வச்சிருக்காகளே! யாவாரம் படுத்துருச்சுன்னா, முடிஞ்சு போச்சுன்னுதான அர்த்தம்?"

அம்மை கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி நீங்களுந்தான் படுத்தீங்க, மாசாணம்."

அவர் குழியிலிருந்து ஏறி, முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார்.