தூக்கிய கை

தூத்துக்குடிப் பெண்கள் கிரிக்கெட் அணியின் உரிமையாளர் ஞானதுரை ஒரு முடிவுக்கு வந்தார். இளம் வேகப்பந்து வீச்சாளர் இசக்கியம்மாளை மதுரை அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பேர்போன பேட்டர் ஒருத்தியை வாங்கிவிடலாம்.

அணியைக் கூட்டினார். "இவளை அனுப்பச் சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று முதல் ஆளாகத் தானே தூக்கினார். அவரை எதிர்க்க யாருக்குத் துணிச்சல்? எல்லாக் கைகளும் உயர்ந்தன.

 இசக்கி நிதானமாகச் சொன்னாள்: "போறேன் சார். அடுத்த மாசம் மதுரையோட நமக்கு மேட்ச் இருக்கு. அன்னைக்கு என் முதல் ஓவரை ஆடப்போறவங்க மட்டும் கையை இறக்காதீங்க."

வலைப்பயிற்சியில் அவள் பந்தில் தினமும் அடி வாங்கியவர்கள் அவர்கள். கைகள் மளமளவென்று இறங்கின.

ஞானதுரையின் கை மட்டும் மேலேயே நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் அந்தக் கையால் மெல்லத் தலையைச் சொறிந்துகொண்டு, "மதுரைக்காரங்களை வேற ஆள் பார்க்கச் சொல்லிடுறேன்" என்றார்.