ஏழு சக்கரமும் இரண்டு காரும்

இந்தக் கதையை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் பஞ்சவர்ணத்துக்கு முதலில் ஒரு பயம் வரும். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் கேட்கிறவர்கள் கடைசிக் கேள்விக்கு விடையைத் தப்பாகச் சொல்வார்கள், பழி தன் மேல் வரும் என்று. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். அதனால் அவள் விடக் கூடாது என்று நினைக்கிற எதையும் நாமும் விடாமலே சொல்லிவிடுவோம்.

அவள் கணவர் காசிலிங்கம் வேன் ஓட்டிப் பிழைத்தவர். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவர் மனைவியிடம் வாங்கிக்கொண்ட சத்தியம் ஒன்றே ஒன்றுதான். "ஸ்டெப்னி இல்லாம வண்டிய எடுக்காத."

அவர் போன பிறகு, கப்பலில் வேலை பார்க்கும் மகன் சேதுராஜன் அவளுக்கு ஒரு மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்தான். அதில் ஸ்டெப்னியே கிடையாது. ஷோரூம்காரர் டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கி ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே ஒரு பாட்டில் மருந்தும் சின்ன பம்பும் இருந்தன.

"ஆணி ஏறினா இந்த மருந்த ஏத்தி காத்து அடிச்சா போதும்மா. பக்கவாட்டுல கிழிஞ்சாத்தான் இதால ஒண்ணும் ஆகாது."

பஞ்சவர்ணம் நம்பவில்லை. மறு வாரமே அதே அளவில் டயரோடு ஒரு சக்கரம் வாங்கினாள். அதை வைத்தால் டிக்கி மூடவில்லை. பக்கத்து சீட்டில் வைத்தாள். பாரம் ஏறியதும், பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தியது. சக்கரத்துக்குப் பெல்ட் போட்டுவிட்டாள்.

மகன் வீடியோவில் பார்த்துச் சிரித்தான். "யாரும்மா அது, புதுசா?"

"பேச்சுத்துணைக்கு ஒருத்தர். ஒங்கப்பாவ விடச் சாது. மெதுவாப் போ, வேகமாப் போன்னு தொல்லை இல்ல."

போனை வைத்ததும் வீடு மறுபடி அமைதியாகிவிட்டது.

பதினான்கு மாதம் கழித்து அவன் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. துறைமுகத்தை விட்டு அவன் வெளியே வர இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைதான் அனுமதி. அன்று ராத்திரியே கப்பல் கிளம்பிவிடும். டிக்கியில் முறுக்கு டின், ஊறுகாய், வேட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டாள்.

சாயல்குடி தாண்டி, உடைமரக் காட்டுக்குள் முன்சக்கரத்தில் காற்று இறங்கியது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு புளியமரம். அங்கே எதிர்த்திசை பார்த்து ஏற்கெனவே ஒரு கார் நின்றது. அவள் கார் மாதிரியே, அதே கம்பெனி.

இறங்கிப் பார்த்தாள். சாலையைத் தொடுகிற நடுப்பட்டையில் ஒரு ஆணித்தலை மின்னியது. கம்பெனிக்குப் போன் போட்டாள். ஆள் வர நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். அடுத்த பஸ் இரண்டரைக்குத்தான், அதில் போனால் மகன் உள்ளே போயிருப்பான். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தாள். பால்காரர், கேஸ் ஏஜென்சி, கரண்ட் ஆபீஸ். அவ்வளவுதான்.

அந்தக் காரின் அருகே நின்றவர் பெயர் சுயம்புலிங்கம். குளத்தூர்க்காரர். தேவிபட்டினத்தில் அவருடைய அக்கா இறந்துவிட்டாள். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அவர் கையில் இருந்தது. அவர் டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல், அதைச் சுற்றி வெள்ளை நுரை.

"மருந்தாம் மருந்து! முழு பாட்டிலையும் ஏத்தினேன், அம்புட்டும் வெளிய பீச்சிட்டு. சுத்தப் பொய்யி." பேசிக்கொண்டே அவளுடைய காருக்குள் எட்டிப் பார்த்தார். "ஏந் தங்கச்சி, டயரு இருக்கே! மாட்ட வேண்டியதுதான?"

"ஜாக்கி இல்ல அண்ணாச்சி."

"ஜாக்கி இல்லாம டயர வச்சு என்ன செய்யதுக்கு? பூ வச்சுக் கும்புடவா?"

"நீங்க மட்டும்? ஒங்க கால்கிட்ட ஜாக்கி கெடக்கு. டயரு எங்க?"

அவர் முகத்தைத் துடைத்தார். "பழைய காருல உள்ளது. தூக்கிப் போட மனசு வரல."

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு காருக்கும் எட்டுச் சக்கரம் வேண்டும், நல்லதாக இருப்பது ஏழு. போகிற திசையும் வேறு வேறு, ஒரே காரில் ஏறிப் போகவும் முடியாது.

"எம் பிள்ளைய இன்னிக்கு விட்டா எப்பப் பாப்பேனோ" என்றாள் அவள்.

"எங்கக்காவ நான் இன்னிக்கோட பாக்கவே முடியாது" என்றார் அவர்.

அவள் சக்கரத்தின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதை விட்டுக்கொடுத்தால் கணவருக்குச் செய்த சத்தியமும் போகும்.

சொல்லுங்கள். அந்த ஒரு சக்கரத்தை யாருடைய காரில் மாட்டுவது சரி? டயர் வைத்திருந்தவள் காரிலா, ஜாக்கி வைத்திருந்தவர் காரிலா?

விடை: ஜாக்கிக்காரர் காரில்தான். துக்கம் பெரிது என்பதற்காக அல்ல. கிழிசலுக்கு வேறு வழியே கிடையாது, ஆணிக்கு உண்டு. பஞ்சவர்ணம் முறுக்கு டின்னை இறக்கி அடிப்பலகையைத் தூக்கினாள். பிரிக்காத அந்தப் பெட்டி அங்கேயே இருந்தது. மருந்து பொய்யில்லை, அவர் அதைப் போட்ட இடம்தான் தப்பு. பத்து நிமிடத்தில் அவள் டயரில் காற்று இறங்காமல் நின்றது. சத்தியத்தை மீறி, மெதுவாக ஓட்டிப் போய் இரண்டரை மணிக்கு மகனைப் பார்த்தாள். சக்கரத்தைச் சுயம்புலிங்கம் மறு வாரம் கொண்டுவந்து கொடுத்தார், கூடவே தன் மனைவி பேச்சியம்மாளின் நம்பரையும். இப்போதெல்லாம் வண்டியை எடுக்கும் முன் பஞ்சவர்ணம் அந்த நம்பருக்குத்தான் போன் போடுகிறாள். "மதினி, கெளம்பிட்டேன். நாலு மணிக்குள்ள போன் வரலைன்னா அண்ணாச்சியத் தேடி வரச் சொல்லுங்க."