கொம்பையாவைத் தூக்க நாலு பேர்

"நான் செஞ்சது தப்பாம்மா?" என்று கேட்டார் சொரிமுத்து.

வடிவம்மை சுளகில் கிடந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தப்புன்னு தோணாட்டா இந்த வெயில்ல எதுக்கு வந்தீய?"

"தோணலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி, சொல்லியாச்சு. மோர் இருக்கு. குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவர் மோரும் குடிக்கவில்லை, கிளம்பவும் இல்லை.

சொரிமுத்துவுக்கு வயது அறுபத்தொன்று. சந்தைச் சுமைதூக்குவோர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் செயலாளர். வடிவம்மைக்கு நாற்பதைத் தாண்டியிருக்காது. வாய்க்கால் கரையில் இருக்கும் இந்தக் கல்மடத்துக்கு வருவதற்கு முன், அதே சந்தையில் மூட்டையிலிருந்து சிந்துகிற தானியத்தைக் கூட்டி அள்ளிப் பிழைத்தவள். கூட்டுகிற பெண்களையும் சங்கத்தில் சேர்க்கச் சொல்லி ஒருமுறை அவர் முன்னால் போய் நின்றாள். தூக்குகிறவனுக்குத்தான் சங்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது ஊரே அவளை மடத்தம்மா என்கிறது. அவரும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். ஊர் கூப்பிடுகிறபடி கூப்பிடுவதில் அவர் எப்போதும் கெட்டிக்காரர்.

"கொம்பையா செத்துட்டான்" என்றார்.

"கேள்விப்பட்டேன்."

"நெஞ்சுவலி. காலையிலேயே போயிட்டான். இப்ப மணி மூணு ஆவுது. தூக்க ஆளில்ல."

"உங்க தெருவுலயா? நூத்தி நாப்பது பேரு மூட்டை தூக்குத தெருவுலயா?"

"தீர்மானம் இருக்கும்மா."

வடிவம்மை ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள்.

தீர்மானம் இதுதான். சந்தையில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பன்னிரண்டாவது நாள், கொம்பையா பின்வாசல் வழியாக ஒரு பருப்பு மண்டிக்குள் போய் ஒரு லாரி மூட்டையை இறக்கிவிட்டான். மறுநாள் சங்கம் கூடியது. கொம்பையா நெஞ்சில் குத்தியிருந்த பித்தளை வில்லையைக் கழற்றி வாங்கியது. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, பேசக் கூடாது, கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. வேலைநிறுத்தம் முடிகிறவரை இது செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள்.

இன்று பத்தொன்பதாவது நாள்.

"வீட்டுல உலை வைக்கலை, அதான் போனேன்னான்" என்றார் சொரிமுத்து. "எவன் வீட்டுல வச்சாங்க? என் பேத்தி மூணு நாளா வெறும் நீத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கிடக்கா. ஒருத்தனை விட்டா நாளைக்கு அம்பது பேரு போவான். அப்புறம் சங்கம் எதுக்கு?"

"நியாயந்தான்."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு நியாயந்தான் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் மேலே பேச வராது.

"எத்தனை பேரு கை தூக்குனாங்க?" என்று கேட்டாள் வடிவம்மை.

"அத்தனை பேரும். ஒரு கை குறையலை."

"அவன் தம்பி?"

"வேலாண்டியா? முதக் கையே அவனுதுதான்."

"நீங்க எங்க நின்னீய?"

"முன்னால. மேசை மேல."

"எதுக்கு மேசை மேல?"

"எல்லாருக்கும் தெரியாண்டாமா?"

"அவங்களுக்கு நீங்க தெரியவா, உங்களுக்கு அவங்க தெரியவா?"

சொரிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை ஒன்றும் அவ்வளவு இல்லை.

"இந்தா பாருங்கம்மா. முன்னெல்லாம் மூட்டை நூறு கிலோ. அதை அம்பதாக்கினது யாரு? ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனது யாரு? முதலாளி வண்டி வந்தா செருப்பைக் கழத்திக் கையில வச்சிக்கிட்டு நின்னவங்க நாங்க. இன்னைக்கு எவன் கழத்துதான்?"

"நீங்கதான் செஞ்சீய. எங்க அப்பா நூறு கிலோவைத் தூக்கி இடுப்பு விட்டுப்போய்ச் செத்தவரு. உங்க பேரைச் சொல்லி நான் சாமி கும்பிட்டிருக்கேன்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்புறம் உங்க பேரைச் சொன்னாலே பயந்திருக்கேன்" என்றாள். "ரெண்டும் நாந்தான்."

மடத்துக்குள் யாரோ விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. சொரிமுத்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாலு சீடர்கள் இருந்தார்கள். நாலும் நல்ல திடமான ஆட்கள்.

"ஒரு வழி யோசிச்சேன்" என்றார்.

"சொல்லுங்க."

"நாளைக்குப் பேச்சுவார்த்தை. மண்டிக்காரங்க இறங்கி வருவாங்க போலத்தான் தெரியுது. இன்னைக்குப் போயி நாங்களே தீர்மானத்தை உடைச்சா, பத்தொம்பது நாள் பட்டினியும் வீணு. சவ வண்டிக்குச் சொல்லிப் பார்த்தோம். அந்த டிரைவரு நம்ம தோழமைச் சங்கம். தெரு முக்கு வரைக்கும் வந்தவன், கொம்பையா வீடுன்னதும் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். அதான், உங்க நாலு பேரும் வந்து தூக்கிட்டா தீர்மானமும் நிக்கும், அவனும் பொழுதுக்குள்ள காட்டுக்குப் போயிருவான்."

இவ்வளவுதான் விஷயம். ஞானம் கேட்டு வந்தவரில்லை. நாலு தோள் கேட்டு வந்தவர்.

"உங்க எல்லைக்குள்ள வெளியாள் தூக்கலாமா?" என்று கேட்டாள் வடிவம்மை.

அவருக்குச் சுருக்கென்றது. கேட்டவளுக்குக் கேட்க உரிமை இருந்தது. கைகாட்டியிலிருந்து ரயில்வே கேட் வரை சங்கத்தின் எல்லை. வில்லை இல்லாதவன் அதற்குள் ஒரு பொட்டலத்தைக்கூடத் தோளில் வைக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ மடத்துக்குக் கொடுத்த ஆட்டுரலைத் தூக்கிவர இதே நாலு சீடர்களும் போனார்கள். சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். பதினோரு நாள் அந்த ஆட்டுரல் நடுரோட்டில் கிடந்தது.

"அது ஆட்டுரலு. இது மனுசன்லா" என்றார்.

"அன்னைக்கு இதையேதான் நாங்க சொன்னோம். மாவாட்டுறவனும் மனுசன்தான்னு."

"பழசை எதுக்கும்மா கிளறுதீய. நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வந்தாப் போதும்."

வடிவம்மை சுளகைக் கீழே வைத்தாள். உள்ளே பார்த்து, "தவசி, மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வா. ஒரு ஆளைத் தூக்கணும்" என்றாள்.

அவள் முன்னால் நடந்தாள். சீடர்கள் பின்னால் போனார்கள். சொரிமுத்து அவர்களுக்கும் இருபது முப்பது அடி தள்ளி வந்தார். சேர்ந்து வந்தால், அவர் கூட்டிவந்ததாக ஆகிவிடும்.

தெரு முக்கில் சங்கக் கொடியை நட்டு, ஒரு நாற்காலி போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். காவலுக்கு நின்றது வேலாண்டி. செத்தவனின் கூடப்பிறந்த தம்பி. அவனை அங்கே நிறுத்தியதும் சொரிமுத்துதான். தம்பியே காவல் நிற்கும்போது மற்றவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பான்? சங்கம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் கைவந்த கலை. இப்படி ஒரு கலை கைக்கு வராமலே இருந்திருக்கலாம்.

வேலாண்டியின் கண் வீங்கியிருந்தது. தவசியின் தோளில் கைவைத்து நிறுத்தினான்.

"எங்க போறீய?"

"உள்ள. தூக்கணும்."

"வில்லை இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் குத்தலாகவும் கேட்கவில்லை. பதினாலு வருடமாகச் சங்கக் காவலில் நின்று, தோளில் துண்டு போட்டுவரும் எவனைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி. வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் எதைத் தூக்க வந்திருக்கிறார்கள் என்பது அவனுக்கே உறைத்தது. உறைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல யாரும் இல்லை.

"இல்ல" என்றாள் வடிவம்மை. "எங்ககிட்ட வில்லை இல்ல."

தெருவின் நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சீடர்களும் உட்கார்ந்தார்கள்.

சொரிமுத்து வந்து சேர்ந்தார். விடுலே, நான்தான் வரச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். எதிர்த்தாற்போல் பருப்பு மண்டி மாடியில் கணக்கப்பிள்ளை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

திறந்த வாய்க்கு வேறு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. இருபத்திரண்டு வருடமாக என்ன வந்ததோ அதுவே வந்தது.

"தோழர்களே."

காவல் நாற்காலி மேல் ஏறினார்.

"கொம்பையா செஞ்சது துரோகம். அதுல மாத்துக் கருத்தே கிடையாது. இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில, இன்னைக்கு ஒருநாள் மட்டும், தீர்மானத்தைத் தளர்த்தலாமான்னு சபை முடிவு செய்யட்டும். தூக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழும்பவில்லை.

யாருக்கும் மனசில்லாமல் இல்லை. அந்தத் தெருவில் கொம்பையாவோடு கஞ்சி குடிக்காதவன் எவனும் கிடையாது. ஆனால் செயலாளர் உண்மையாகவே கேட்கிறாரா, ஆழம் பார்க்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? முதலில் தூக்குகிற கையை அவர் மறக்கமாட்டார். தூக்காத கையையும் மறக்கமாட்டார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அங்கே எழுதியிருக்கிறபடி கையைத் தூக்கியே பழகியவர்கள். இன்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வேலாண்டியின் வலது கை இடுப்பைவிட்டுக் கொஞ்சம் மேலே வந்தது. சொரிமுத்து அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை வேலாண்டி பார்த்தான். கை கழுத்துத் துண்டைப் பிடித்து, மூக்கைத் துடைத்துவிட்டு, பழைய இடத்துக்கே போய்விட்டது.

"எண்ணிக்கிட்டீயளா அண்ணாச்சி?" என்றாள் வடிவம்மை கீழேயிருந்து.

அவருக்கு அழுகை வந்தது. எல்லாரும் வேண்டாம் என்று ஒரு குரலில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். இவர்கள் கத்தக்கூட அவரைத்தான் கேட்கிறார்கள். இவர்களை முதலாளியிடமிருந்து பிடுங்கியெடுத்து வந்ததாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்மா" என்றார். "நான் என்ன செய்யட்டும்?"

வடிவம்மை தன் தோளை ஒருதரம் தொட்டுக் காட்டினாள்.

சொரிமுத்து நாற்காலியிலிருந்து இறங்கினார். முழங்கால் வலித்தது. சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றினார். ஊக்கு துரு ஏறி, சட்டைத் துணியோடு கிழித்துக்கொண்டு வந்தது. அதை நாற்காலியில் போட்டார். துண்டை மடித்துத் தோளில் வைத்தார். செயலாளர் ஆனபின் அவர் சுமை தூக்கியதில்லை. மண்டி மாடியைத் திரும்பிப் பார்க்காமல் கொம்பையா வீட்டைப் பார்த்து நடந்தார்.

பின்னால் வேலாண்டி வருகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னும் இரண்டு பேர். அப்புறம் தெருவே வந்தது. செயலாளர் நடக்கும்போது தூக்கலாம் என்றுதானே அர்த்தம்.

மூன்றாவது வீடு. வாசலில் பந்தல் இல்லை. உள்ளே பெஞ்சில் கொம்பையாவைக் கிடத்தி, ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தது. தலைமாட்டில் அவன் பெண்டாட்டி செல்லக்கனி தனியாக உட்கார்ந்து, ஈ மொய்க்காமல் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வீசிய கை.

சொரிமுத்து படியில் நின்று குனிந்தார். நிலை தாழ்வு.

"தங்கச்சி" என்றார். "எல்லாரும் வந்திருக்கோம். தூக்க வந்திருக்கோம்."

செல்லக்கனி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வாசல் நிறைய நின்ற தோள்களைப் பார்த்தாள். அழவில்லை. விசிறியையும் நிறுத்தவில்லை.

"ஏழு மணிக்கு வாசல்ல நின்னு கூப்பிட்டேன் அண்ணாச்சி" என்றாள். "ஒவ்வொரு வீடாப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆட்டோ வரைக்கும் அவரைத் தூக்கிக்கிட்டு வாங்கன்னு."

விலகியிருந்த வேட்டி ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"அப்ப அவரு பேசிக்கிட்டு இருந்தாரு."